கோர்ட் இல்லாத ஊர்

மாரிசெல்வி அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. காதால்தான் தெரியும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறை அவர்களுடையது. ஒரே அறை, ஒரே சன்னல். தோல் பர்ஸின் ஓரத்துக்கு நூல் போட வேண்டுமானால் அந்தச் சன்னலுக்கு நேராக உட்கார்ந்தால்தான் வெளிச்சம் போதும். அதனால் டிவி எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தம்பி வேல்ராஜ் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, டீத் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான் என்றால், அக்காவும் தம்பியும் முதுகுக்கு முதுகு. அவன் அந்த ஊருக்குள் போய்விடுவான். அவள் கேட்டுக்கொண்டே தைப்பாள்.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். தாராவியில் அதை ‘டவுன்’ என்றார்கள். எங்குமே இல்லாத ஒரு கடற்கரை நகரம். அதில் ஒருவன் கையில் காசில்லாமல் வந்து இறங்குகிறான். கார்களைப் பறிக்கிறான், கடைகளைக் கொள்ளையடிக்கிறான், கும்பல்களோடு மோதுகிறான், கடைசியில் பணக்காரனாகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் கதையின் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சும்மா சுற்றலாம். கடலில் நீந்தலாம், மலைமேல் ஏறி உட்காரலாம். வேல்ராஜ் பாதி நாள் அதைத்தான் செய்தான்.

அந்த ஊரின் பேட்டைகளுக்கு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர்கள். வேல்ராஜும் அவன் கூட்டாளி சைஃபும் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். பாலத்துக்கு அடியில் தகரக் கூரைகள் நெருக்கி நின்ற இடம் தாராவி. தலைக்கு மேலே ரயில் ஓடும் வட்டம் சயான் சர்க்கிள். எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடம் செம்பூர். மரங்களும் பழைய மாடிவீடுகளும் துணிக்கடைகளும் உள்ள தெரு மாட்டுங்கா. சைஃப் கீழ்ச் சந்துப் பையன், வேல்ராஜோடு பள்ளிக்கூடம் போனவன். ஷார்ஜாவில் ஒரு கிடங்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து அவனும் இன்டர்நெட் வழியாக அதே ஊருக்குள் வருவான். என்றைக்கு எங்கே சேர்வது, எதை அடிப்பது என்று இருவரும் போனில் குரல் பதிவு செய்து அனுப்பிக்கொள்வார்கள்.

“என்னல சத்தம் அது? யாரப் போட்டு இடிச்ச?” என்பாள் மாரிசெல்வி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒரு கெழவன்க்கா. ரோட்டுக்குக் குறுக்க வந்துட்டான்.”

“செத்துட்டானா?”

“பொம்மைக்கா அது.”

“பொம்மைன்னா எதுக்குல ஐயோன்னு கத்துதான்?”

வேல்ராஜ் சிரிப்பான். அப்புறம் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டுவான்.

“போலீஸ் வண்டி சத்தம் கேக்கே. இப்ப என்ன செய்வ?”

“ஒளிஞ்சுக்கிடுவேன். கொஞ்ச நேரம் கண்ணுல படாம இருந்தா அவனே மறந்துருவான்.”

“போலீஸ்காரன் மறப்பானா? நல்ல ஊருல அது!”

ஏசி மெக்கானிக் வேலை அவனுக்கு. கோடை முழுக்க ஊர் முழுக்க அவனைத் தேடும். தாதரிலும் செம்பூரிலும் வானத்தைத் தொடும் கட்டடங்கள், வாசலில் வாட்ச்மேன் “கிதர்?”, எங்கே போகிறாய் என்று கேட்டு நிறுத்துவான். பெயர், ஊர், போன் நம்பர், முகத்தைப் படம் பிடித்தல். அப்புறம் சாமான் ஏற்றும் லிப்ட். மற்ற லிப்ட்டில் நாய் ஏறலாம். நாயை நடத்திப் போகும் வேலைக்காரன் ஏறக் கூடாது. முப்பதாவது மாடிக்குக் குளிரைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறவனுக்கு அந்தக் குளிரில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இதையெல்லாம் வேல்ராஜ் புகாராகச் சொன்னதில்லை. அந்த விளையாட்டைப் புகழும்போதுதான் வெளியே வரும்.

“இதுல எங்க வேணா போலாம்க்கா. பெரிய ஓட்டல் வாசல்ல நிக்கானே, அவன்கூட என்னைய ஒண்ணும் கேக்க மாட்டான். நேரா உள்ள போய் நடு லிப்ட்டுல ஏறிருவேன்.”

“அப்ப எல்லா வீட்டுக்குள்ளயும் போலாமா?”

“அதான் இல்ல. கதவு முக்காவாசி சும்மா பெயின்ட்டு. தட்டுனா தொறக்காது.”

“அப்ப நம்ம பம்பாயேதாம்ல.”

அங்கே மழை பெய்யும்போது அவன் காரை ஓரமாக நிறுத்திவிடுவான். ரேடியோவை அணைப்பான். அந்த மழைச் சத்தத்தை அவளும் கேட்டிருக்கிறாள். முதலில் இடப்பக்கம் தூரத்தில் சலசலக்கும், அப்புறம் தலைக்கு மேல் தகரத்தில் விழும். ஒரு தடவை நிஜமழை என்று நினைத்து, கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்தே விட்டாள்.

“செஞ்சவன் லேசுப்பட்ட ஆளு இல்லக்கா. மழைய எங்கயோ ஒக்காந்து கேட்டுருக்கான்” என்றான் வேல்ராஜ்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிப் போனார்கள்.

மாட்டுங்காவில் காசிராஜன் என்பவருக்கு நகைக்கடை. தெற்கத்திக்காரர், அவர் சொந்த ஊரிலிருந்து இவர்கள் சொந்த ஊருக்கு பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம். அந்த உறவைச் சொல்லியே ஒவ்வொரு வருஷமும் ஏசி சர்வீசுக்குக் கூலியைக் குறைப்பார். “நம்ம ஊர்ப் பையன்லா” என்று வருகிறவர்களிடம் எல்லாம் அறிமுகம் செய்வார். அந்த வருஷம் பழைய ஏசியைக் கழற்றிவிட்டுப் புதியதை வேறு சுவரில் மாட்டினான் வேல்ராஜ். பழையது இருந்த ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிடும்படி சொன்னான். பலகை வைத்து ஆணியடித்தால் போதும் என்றார் முதலாளி. அந்தப் பலகையைப் பெயர்த்துத்தான் திருடர்கள் உள்ளே இறங்கியிருந்தார்கள்.

ஓட்டை யாருக்குத் தெரியும்? ஏசிக்காரனுக்குத் தெரியும். ஏசிக்காரன் எங்கே இருக்கிறான்? தாராவியில். அதற்கு மேல் யோசிக்க வேண்டிய தேவை போலீசுக்கு இருக்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தார்கள். திருட்டுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் அவன் சைஃபுக்கு அனுப்பிய குரல் பதிவு அதில் இருந்தது.

“ஏல சைஃபு, நாளைக்கு மாட்டுங்கா நகைக்கடைய அடிச்சிருவோம். நீ வண்டிய சயான் சர்க்கிள்ல போட்டுட்டு நில்லு. நான் ஏசி குழாய் வழியா எறங்குதேன், நம்ம தொழிலுதான! வாட்ச்மேனை நான் பாத்துக்கிடுதேன். எடுத்துட்டு நேரா செம்பூர் வந்துருவோம்.”

தமிழ் தெரிந்த காவலர் ஒருவர் அதை வரிவரியாக மராத்தியில் எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

“சாப், அது கேம்” என்றான் வேல்ராஜ். இடது கன்னத்தில் அறை விழுந்தது. “கேம்தான் சாப்” என்றான். மறுபடியும் அதே பக்கம் விழுந்தது. சைஃப் யார் என்று கேட்டார்கள், எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். சைஃப் என்ற பெயரும் ஷார்ஜா என்ற ஊரும் அடுத்தடுத்து வந்ததும், ஒரு கடைத் திருட்டு அந்த அறைக்குள்ளேயே சர்வதேசக் கும்பலாக வளர்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிழைக்கப் போனவன், வெளிநாட்டுக்குத் தப்பிய கூட்டாளி ஆனான்.

மறுநாள் போலீஸ் வந்து அறையைக் கிளறி, விளையாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனது. மாலையில் ஒரு டிவிக்காரன் சந்துமுனையில் நின்று, குற்ற விளையாட்டுகள் இளைஞர்களைக் குற்றவாளிகளாக்குவது பற்றிக் கத்தினான். அது விளையாட்டே இல்லை, நிஜத் திட்டம் என்றது போலீஸ். விளையாட்டுதான் அவனைக் கெடுத்தது என்றது டிவி. இரண்டையும் சேர்த்து நம்ப ஊருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. விளையாடுவதெல்லாம் ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்றால், சதுரங்கம் ஆடியவர்களில் இந்நேரம் எத்தனை பேர் அரசர்களாகியிருக்க வேண்டும்! அதைக் கேட்க ஒரு ஆள் அந்தத் தெருவில் இல்லை.

அடுத்த அறை முருகம்மாள் ஏணியில் பாதி ஏறி நின்று சொன்னாள்: “எட்டி மாரி, சுடலைக்கு ஒரு கெடா நேந்துக்கிடு. பெய வந்துருவான்.”

“சுடலை வந்து சாட்சி சொல்லுவாராக்கா? வருவாருன்னா சொல்லு, ரெண்டு கெடாவா வெட்டுதேன்.”

“வாய்க்கொழுப்பு ஒனக்கு” என்று முருகம்மாள் இறங்கிப் போனாள். ஆனால் அன்றைக்கு அவள்தான் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

சாட்சி சொல்லக் கூடியவர் ஒரே ஒருவர். மாரிசெல்வி மாட்டுங்காவுக்குப் போனாள். கடையில் தம்பி மாட்டிய ஏசி குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை இருந்த இடம் இப்போது நன்றாகப் பூசி, வெள்ளையும் அடித்திருந்தது.

“அண்ணாச்சி, அவன் செங்கல் வச்சு அடைக்கச் சொன்னான்லா? திருட நெனைக்கவன் அடைக்கச் சொல்லுவானா? அத மட்டும் போலீஸ்ல சொல்லுங்க, போதும்.”

காசிராஜன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். காப்பீட்டுக்காரர்கள் இன்னும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடைக்கச் சொல்லியும் அடைக்காமல் விட்டார் என்று வெளியே வந்தால் அவர் பாடு என்னாவது!

“எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா.”

“நம்ம ஊர்ப் பையன்னு எல்லார்ட்டயும் சொல்லுவியளே. அது ஞாபகம் இருக்கா?”

“டீ சொல்லுதேன். சாப்டுட்டுப் போ.”

“அந்தக் குளுரு இருக்கே அண்ணாச்சி, அது அவன் மாட்டுனது. நல்லா வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் பூக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஸ்ரீதேவி, மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த சின்னப் பெண். கையில் எப்போதும் பத்து வழக்கு, நிற்க நேரமில்லாதவள். ஆனால் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

“கேம்னு சொன்னா மட்டும் போறாது அக்கா. அந்த மெசேஜ்ல வர ஒவ்வொரு ஜாகாவும் கேம்ல இருக்குன்னு காட்டணும். சயான் சர்க்கிள், செம்பூர், மாட்டுங்கா, எல்லாம். ஆனா கேம்ல அந்தப் பேரே கிடையாதே! எந்த எடத்துக்கு என்ன பேர் வெச்சிருந்தான்னு யாருக்குத் தெரியும்?”

“அவனுக்குத் தெரியும். சைஃபுக்குத் தெரியும்.”

“ஒருத்தன் உள்ள இருக்கான். இன்னொருத்தன ஓடிப்போனவன்னு எழுதிட்டா. அவன் சொன்னா எடுபடாது. பாக்ஸும் போலீஸ்கிட்ட இருக்கு. வேற யாரு?”

“நான்தான்” என்றாள் மாரிசெல்வி. சொன்ன பிறகு அவளுக்கே திகைப்பாக இருந்தது. அவள் அந்த ஊரை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லையே!

கரீம் பாட்சா தெருமுனையில் விளையாட்டுக் கடை வைத்திருந்தார். நாலு டிவி, நாலு பெட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் நிறையும், காலையில் காலி. “காலைல முழுக்க ஒனக்குத்தான் தங்கச்சி. எடுத்துக்கோ” என்றார். அவரே ஓட்டிக் காட்டவும் செய்தார். அவர் அந்த ஊரை மூலை முடுக்கெல்லாம் முடித்தவர். ஆனால் மாரிசெல்வி திரையைப் பார்த்து விழித்தாள். எந்தத் தெருவும் தெரியவில்லை. எல்லாமே வெளிநாட்டுத் தெருக்களாக இருந்தன.

கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாய், ரேடியோவ நிறுத்துங்க. வீட்ல இருந்து கெளம்பி மெதுவாப் போங்க. அவன் போனா மொதல்ல தகரத்துல ஏதோ தட்டுற சத்தம் வரும். அப்புறம் தலைக்கு மேல ரயிலு வரும்.”

கரீம் பாட்சாவுக்கு மெதுவாக ஓட்ட வராது. எதையாவது இடிப்பார், சைரன் எழும், கேட்க வேண்டிய சத்தமெல்லாம் அதில் அமுங்கிப் போகும். “இந்த கேமுல மெதுவாப் போறவன நான் பாத்ததே இல்ல தங்கச்சி” என்று கைவிரித்தார். இன்னொரு சிக்கலும் இருந்தது. நகைக்கடைக் கொள்ளை கதையில் ஒரே ஒரு தடவைதான் வரும். அவர் அதை எப்போதோ முடித்துவிட்டார். பார்க்க வேண்டுமானால் புதிதாக, முதலிலிருந்து ஆட வேண்டும்.

மாரிசெல்வி விளையாட்டுக் கருவியைக் கையில் வாங்கினாள். ஊசி பிடித்துக் காய்த்த கட்டைவிரல்கள். முதல் நாள் அந்த ஆள் சுவரிலேயே முட்டி முட்டி நின்றான்.

“விடு தங்கச்சி, செவுத்துக்கு வலிக்கும்” என்றார் கரீம் பாட்சா.

காலையில் அங்கே, அப்புறம் தையல், வாய்தா விழும் தாரீக் அன்றைக்குக் கோர்ட், பார்க்க நேரம் கொடுத்தால் சிறை வாசல். இப்படியே தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு வந்தது. தகரத் தட்டல் வந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். காற்றில் ஆடும் ஒரு கடைப் பலகை. அடுத்து தலைக்கு மேல் ரயில். “இதான் சயான் சர்க்கிள்!” என்று கத்தியே விட்டாள். அலைச் சத்தம் வலப்பக்கம் வந்து போனதும் எண்ணெய்த் தொட்டிகள், செம்பூர்.

ஓட்ட ஓட்ட, தம்பிக்கு அதில் என்ன பிடித்தது என்று புரிந்தது. ஒரு தெருமுனையில் தினமும் விடிந்ததும் ஒரு பெண் கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள். கதையில் அவளுக்கு எந்த வேலையும் இல்லை. பெருக்காவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் யாரோ ஒருவர், எங்கோ ஒரு நாட்டில், மெனக்கெட்டு அவள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தி வெயில் கண்ணாடிக் கட்டடங்களில் இறங்கும்போது மாரிசெல்வியும் காரை நிறுத்தினாள்.

பிடிக்காமல் போனதும் உண்டு. பாலத்தடித் தகரக் கூரைகளுக்குள் நடந்து பார்த்தாள். அத்தனை வீட்டில் ஒருத்தி தைக்கவில்லை, ஒருத்தி இட்லி அவிக்கவில்லை, ஒருவன் தோல் வெட்டவில்லை. எல்லாரும் சுவரில் சாய்ந்து நின்று புகைத்தார்கள், கஞ்சாப் பொட்டலம் விற்றார்கள், இவளைக் கண்டதும் துப்பாக்கியை எடுத்தார்கள். துடைப்பத்தை அத்தனை கவனமாகச் செய்தவருக்கு, தகரக் கூரைக்குக் கீழே இருப்பவனும் காலையில் எழுந்து வேலைக்குப் போவான் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. செத்து விழுந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் மறைந்து போனார்கள். தேடி யாரும் வரவில்லை.

ஒரு நாள் போலீஸ் அவளைப் பிடித்தது. திரை கறுத்தது. அடுத்த நொடி அந்த ஆள் ஸ்டேஷன் படியில் சட்டை கசங்காமல் நின்றான். துப்பாக்கி மட்டும் இல்லை.

“என்ன பாய் இது?”

“விட்டுட்டான். அவ்வளவுதான்.”

“அடிக்க மாட்டானா? தாரீக் கெடையாதா? ஜாமீன்?”

“கோர்ட்டே கெடையாது தங்கச்சி. கோல்ப் மைதானம் வச்சிருக்கான், விமான நிலையம் வச்சிருக்கான். இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒரு கோர்ட் வைக்கல.”

மாரிசெல்வி அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரத் தாரீக்கில் தம்பியை மாடிப்படியில் கூட்டிப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டிருந்தாள். அவன் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள். ஸ்ரீதேவிதான் பிறகு சொன்னாள், அவனுக்கு இடது காது கேட்கவில்லை என்று.

விளையாட்டில் நகைக்கடை ஒரு வழியாகத் திறந்தது. மரங்கள் நிறைந்த தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே. ஸ்ரீதேவி சொல்லிக் கொடுத்தபடி கரீம் பாட்சா திரையைப் போனில் படம் பிடித்தார். சைஃப் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிவைத்த, வேல்ராஜின் அந்தக் குரல் பதிவை இன்னொரு போனில் ஓடவிட்டார்கள். குரல் எந்த இடத்தைச் சொல்கிறதோ அந்த இடத்தில் அவள் நிற்க வேண்டும். நின்று பெயரைச் சொல்ல வேண்டும்.

“ஏல சைஃபு…” என்று தொடங்கியது குரல். ஜெயிலுக்குள் போகுமுன் அவன் பேசிய குரல் அது. “நம்ம தொழிலுதான!” என்ற இடத்தில் அவன் சிரித்தான். இப்போது அவன் அப்படிச் சிரிப்பதில்லை.

சயான் சர்க்கிளில் நின்று சொன்னாள். மாட்டுங்காவில் நின்று சொன்னாள். கூரைமேல் ஏறி ஏசிக் குழாயைக் காட்டினாள். உள்ளே இறங்கினாள். வாட்ச்மேன் ஒரு நாற்காலியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். நரைத்த பிடரி. அவனை அடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

அவள் விரல் பட்டனைத் தொடாமல் நின்றது.

“நான் வேணா அடிக்கட்டுமா தங்கச்சி? ஒரு பட்டன்தான்.”

“வேண்டாம் பாய். நடுவுல கை மாறுனா அதையும் ஒரு குத்தமாச் சொல்லுவான்.”

பட்டனை அழுத்தினாள். நாற்காலி சாய்ந்தது. “மன்னிச்சிருங்கண்ணே” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அதுவும் படத்தில் பதிவாகிவிட்டது.

கோர்ட்டில் அந்தப் படத்தை ஓட்டிக் காட்டினாள் ஸ்ரீதேவி. சர்க்கிள், மரத் தெரு, குழாய், எண்ணெய்த் தொட்டிகள். அரசு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாட்ச்மேன் விழுந்த இடத்தில் மாரிசெல்வியின் குரல் வந்ததும் பின்வரிசையில் யாரோ சத்தமாகவே சிரித்தார்கள். அந்தப் பெண்மணி என்ன சொன்னார் என்று கேட்டார் நீதிபதி. ஸ்ரீதேவி மொழிபெயர்த்துச் சொன்னாள். நீதிபதி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு ஜாமீன் எழுதினார்.

ஜாமீன்தான், விடுதலை இல்லை. வழக்கு நடக்கும். நடந்துகொண்டே இருக்கும். வாரா வாரம் திங்கட்கிழமை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வேல்ராஜ் வந்தான். கோடை தொடங்கியிருந்தது; ஏசிக்காரர்களை ஊரே தேடும் காலம். அவனை யாரும் தேடவில்லை. வாசல்களில் போலீஸ் சான்று கேட்டார்கள். புறநகர் பாண்டுப்பில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பெண்ணுக்கு இப்போது கல்யாணம் செய்யும் எண்ணம் இல்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அக்கா பேசினால் வேல்ராஜ் வலது காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொள்வான். பகலெல்லாம் ஏணி வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே யாராவது பூட்ஸ் காலோடு நடந்தால் எழுந்து சுவரோரமாக நிற்பான்.

“வால, பாய் கடைக்குப் போவோம். நான் எப்படி ஓட்டுதேன்னு பாக்க வேண்டாமா?” என்று ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து இழுத்தாள்.

கரீம் பாட்சா அவனைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் ஓரத்து டிவியைப் போட்டுவிட்டார். “ஒன் அக்கா இப்ப என் கடைல பெரிய ரவுடி, தெரியுமா?” என்றார். வேல்ராஜின் உதடு லேசாக அசைந்தது. கருவியை அவன் கையில் வைத்தாள் மாரிசெல்வி. இந்தத் தடவை முதுகைக் காட்டாமல் அவனுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தாள்.

அவன் காரை எடுத்தான். தகரப் பலகை தட்டியது. அவன் அதற்குத் திரும்பவில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் வந்ததும் நிறுத்தினான்.

“என்னல?”

“சிக்னல் போட்டுருக்குக்கா.”

அந்த ஊரில் யாருமே சிக்னலுக்கு நிற்பதில்லை, நின்றால்தான் ஆச்சரியம். வேல்ராஜ் நின்றான். பச்சை விழுந்ததும் போனான். அடுத்ததிலும் நின்றான். வலப்பக்கம் கை காட்டும் விளக்கைத் தேடினான்; அதற்கு அதில் பட்டனே இல்லை. நடந்து போகிற ஒரு கிழவனுக்காகக் காத்திருந்தான். கிழவன் நிதானமாகக் கடந்து போனான்.

மூன்றாவது சிக்னலில் பக்கத்தில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

வேல்ராஜ் கருவியை மெல்லத் தரையில் வைத்தான். இரண்டு கைகளையும் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை பெஞ்சில் அப்படித்தான் உட்காருவான். திரையில் ஜீப்புக்குள் இருந்தவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விழுந்தது. ஜீப் கிளம்பி, திருப்பத்தில் மறைந்து போயிற்று.

“பாத்தியாக்கா?” என்றான் வேல்ராஜ். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் குரலில் முதல் தடவையாக ஒரு வியப்பு இருந்தது. “இதுல ஒண்ணும் செய்யாதவன யாரும் பிடிக்க மாட்டாங்க. இத்தன வருசம் ஆடிருக்கேன், எனக்கு இது தெரியவே இல்ல பாரு.”

திரையில் அவன் காருக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. இடப்பக்கத்து ஸ்பீக்கரில் அடித்ததால் அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

“பச்சை போட்டாச்சுல. போ.”

அவன் கருவியை எடுக்கவில்லை. கைகள் தொடைமேலேயே இருந்தன. மறுபடியும் சிவப்பு விழுந்தது.